மேற்கு மூலையில் நாற்பது மில்லி

ஊரில் அவருக்குப் பெயர் மில்லி. பெட்ரோல் பங்குக்காரர்களும் பால் கடைக்காரர்களும் சேர்ந்து வைத்த பெயர். முகத்துக்கு நேரே சொல்லும்போது மட்டும் பின்னால் ஒரு சார் ஒட்டிக்கொள்ளும். எடை அளவு ஆய்வாளராக முப்பத்தோரு வருடமாக வேலை பார்ப்பவர். ஐந்து லிட்டர் அளவைப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு பங்குக்குள் நுழைவார். அளவு சரியாக இருந்தால் முத்திரை, குறைந்தால் பூட்டு. ஒரு டம்ளரைப் பார்த்த மாத்திரத்தில் எத்தனை மில்லி என்று சொல்லிவிடுவார். யாரும் கேட்காதபோதும் சொல்வார்.

அவர் மனைவிக்குச் சிறுநீரகம் கெட்டபோது டாக்டர் ஒரு கணக்குக் கொடுத்தார். தண்ணீர், காப்பி, சூப் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு எழுநூற்றைம்பது மில்லி, அதற்கு மேல் கூடாது. எல்லா வீட்டிலும் இந்தக் கணக்கு இரண்டாம் வாரமே பிசகிவிடும். இந்த வீட்டில் பிசகவில்லை. எவர்சில்வர் டம்ளர் ஒன்றை எடுத்து, உள்பக்கம் நூற்றைம்பது மில்லி வரும் இடத்தில் ஆணியால் ஒரு கோடு கீறினார். நாளைக்கு ஐந்து தடவை, அந்தக் கோடு வரை. டாக்டர் மற்ற நோயாளிகளிடம் அவரைக் காட்டிப் பெருமைப்பட்டார்.

"உங்க முத்திரையை என் நாக்குலயே குத்திருங்களேன். ஒரேயடியா நிம்மதி" என்பாள் அவள்.

"அதுக்கு வருஷா வருஷம் புதுப்பிக்கணும்."

"பண்ணுங்க. நான் எங்க போயிடப் போறேன்?"

இரண்டு வருடம் இப்படிப் போயிற்று. கடைசி நாள், மதியம் ஒரு மணிக்கு அவள் கை நீட்டினாள்.

"ஒரே ஒரு வாய்."

அவர் டம்ளரை எட்டிப் பார்த்தார். "இன்னிக்குக் கணக்குல இன்னும் நாப்பதுதான் இருக்கு. சாயங்கால மாத்திரைக்கு வேணும்ல?"

"சரி, அப்பவே குடுங்க" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

நான்கு மணிக்கு அவள் இதயம் நின்றது. டம்ளரில் நாற்பது மில்லி அப்படியே இருந்தது, மேலே ஒரு சாஸர் மூடியபடி.

"நீங்க செஞ்சது நூத்துக்கு நூறு சரி சார்" என்றார் டாக்டர். ஆறுதலாகத்தான் சொன்னார். தப்புச் செய்தவனுக்கு மன்னிப்புக் கேட்க ஒரு வழியாவது உண்டு. நூற்றுக்கு நூறு சரியாகச் செய்தவன் எந்த வாசலில் போய் நிற்பது? மில்லி மறுநாளிலிருந்து தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார். யாரும் கவனிக்கவில்லை. கவனிக்கக்கூடியவள் இல்லை.

ஐந்து மாதம் கழித்து ஒரு பழைய பேப்பர் கடையில் தராசைச் சோதிக்கப் போனார். தராசு கிலோவுக்கு ஐம்பது கிராம் கூடுதலாகக் காட்டியது. பேப்பர் போடுகிறவனுக்கு லாபம், கடைக்காரருக்கு நஷ்டம். தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்ளும் தராசை அவர் தம் வேலைக்காலத்தில் பார்த்ததே இல்லை.

"எட்டு வருஷமா இப்படியா ஓடிட்டிருக்கு?" என்றார் கடைக்காரர். "அதான் என் பொண்டாட்டி என்னைத் திட்டுறா. மாடிக்கு வாங்க சார், ஒரு காப்பி சாப்பிட்டுப் போகலாம்."

மாடி அறையில் ஒரு வட்டம் சுண்ணாம்புக் கட்டியால் வரைந்திருந்தது. நான்கு பக்கமும் நான்கு முக்கோணங்கள்.

எடைக்கு வந்த பழைய புத்தகம் ஒன்றின் வேலை அது. சடங்கு மந்திரப் புத்தகம். அட்டை இல்லை, முதல் நாற்பது பக்கம் இல்லை, முடிவும் இல்லை. எழுதியவர் யார் என்று தெரியாததால் அவரோடு சண்டை போட வழியில்லாமல், படித்த மூவரும் தங்களுக்குள்ளேயே போட்டுக்கொண்டார்கள். ஆளுக்கொரு திசையில் உட்கார்ந்து பஞ்சபூதம் ஒன்றை அழைக்கவேண்டும் என்றது புத்தகம். கடைக்காரர் வடக்கே நிலத்துக்கு உட்கார்ந்தார். பல் செட் செய்கிறவர் கிழக்கே காற்றுக்கு. தையல்கார அக்கா தெற்கே நெருப்புக்கு. பேப்பர் கடை என்பதால் அவளுடைய மெழுகுவர்த்தியை ஏற்ற அனுமதி இல்லை. ஏற்றாத மெழுகுவர்த்தியின் முன்னால் உட்கார்ந்து, ஞாயிறுதோறும் அவள் நெருப்பை அழைத்தாள். பூதங்கள் ஐந்தாயிற்றே, ஆகாயம் எங்கே என்று கேட்டால், கிழிந்த பக்கத்தில் இருந்திருக்கும் என்பார் பல் செட்காரர். மேற்கே தண்ணீருக்கு இருந்தவர் வேலை மாற்றலாகிப் போய்விட்டார். இடம் காலியாக இருந்தது.

மில்லிக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. அடுத்த ஞாயிறு சரியாக மூன்று மணிக்கு வந்துவிட்டார்.

பல் செட்காரர் முறையே வேறு. விரலால் வெறும் வெளியில் முக்கோணம் வரைவார். "எந்த முனையில ஆரம்பிக்கிறோம்கிறதுதான் சார் விஷயம். இந்தப் பக்கமா போட்டா வான்னு அர்த்தம், அந்தப் பக்கமா போட்டா போன்னு அர்த்தம். கூப்பிட்டதைத் திருப்பி அனுப்பாம எழுந்திரிக்கக் கூடாது. வாசலைத் திறந்து போட்டுட்டுப் போற மாதிரி."

"விரலாட்டினா ஈதான் வரும்" என்றார் கடைக்காரர். அவருடையது அட்டை முறை. ஆரஞ்சு அட்டையில் தலைகீழான நீல முக்கோணம். கண் கூசும் வரை பார்த்துவிட்டு வெள்ளைச் சுவரைப் பார்த்தால், நிறம் மாறிய முக்கோணம் ஒன்று சுவரில் மிதக்கும். அதுதான் கதவு. மனத்தால் அதைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகவேண்டும்.

மில்லி கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு பார்த்தார். நாற்பத்தைந்து விநாடியில் கதவு வந்தது.

"உள்ள என்ன தெரியுது? கடலா? ஆறா?"

"எங்க வீட்டுச் சமையலறை."

"கடல் தெரியணுமே சார்."

"மேடை தெரியுது. ஒரு டம்ளர். சாஸர் மூடியிருக்கு."

கடைக்காரர் பல் செட்காரரைப் பார்த்தார். பல் செட்காரர் எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார்.

"அட்டையும் வேணாம், விரலும் வேணாம்" என்றாள் தையல்கார அக்கா. "கையில ஒரு பொருள் இருந்தாத்தான் மனசு நிக்கும். நெருப்புக்குக் கோல், காத்துக்குக் கத்தி, மண்ணுக்குத் தட்டு, தண்ணிக்குக் கிண்ணம். நீங்க உங்க கிண்ணத்தைக் கொண்டாங்கண்ணே. தளும்பத் தளும்ப ஊத்தணும். குடிக்கக் கூடாது, அது மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க."

அவர் அந்த டம்ளரைக் கொண்டுவந்தார். தண்ணீரை ஊற்றினார். கோட்டில் கை நின்றுவிட்டது.

"இன்னும் ஊத்துங்க."

"நூத்தம்பது ஆயிடுச்சு."

"இங்க யாருண்ணே கணக்குப் பாக்குறது?"

மூன்று ஞாயிறு இப்படியே. நான்காவது ஞாயிறு, மற்ற இருவரும் வருவதற்கு முன்னால், தையல்கார அக்கா அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பிளவுஸுக்குக் கொக்கி வைத்துக்கொண்டே கேட்டாள். "தண்ணிகிட்ட என்னண்ணே கேக்குறீங்க?"

அவர் சொன்னார். ஒரு மணியிலிருந்து நான்கு மணி வரை நடந்ததைத்தான் சொன்னார். அவள் கொக்கி வைப்பதை நிறுத்தினாள்.

"அப்ப நூத்தம்பது எதுக்கு? அந்த நாப்பதை ஊத்துங்க."

மருந்து பாட்டில் மூடியில் அளந்து நாற்பது மில்லி ஊற்றினார். டம்ளரின் அடியைத் தாண்டிக் கொஞ்சம்தான் நின்றது. தளும்பவில்லை. அன்றைக்கு அவர் விரலாலும் வரைந்தார், அட்டையையும் பார்த்தார். மூன்று முறைகளையும் ஒன்றாகச் செய்யலாம் என்று புத்தகத்தில் இருக்கும் பக்கம் எதிலும் இல்லை. என்ன கண்டார் என்று அவர் சொல்லவில்லை. உதடு மட்டும் ஒரு தடவை அசைந்தது.

முடிக்கும் நேரம். மூவரும் தங்கள் முக்கோணத்தைத் திருப்பிப் போட்டார்கள். மில்லி ஒரு பக்கம் போட்டார். இன்னொரு பக்கம் போட்டார். மூன்றாவது பக்கத்தில் விரல் அந்தரத்தில் நின்றது.

"மூடுங்க சார்" என்றார் பல் செட்காரர்.

"மூடினா அவளுக்குத் தாகமா இருக்குமே" என்றார் அவர், ஆய்வறிக்கை வாசிக்கும் அதே குரலில்.

"திறந்து வெச்சா ஆபத்து சார்! தண்ணி சார்! கீழ மூணு டன் பேப்பர் கிடக்கு!" கடைக்காரர் பதறினார்.

தையல்கார அக்கா மட்டும் "கிடக்கட்டும் விடுங்க" என்றாள்.

வற்புறுத்தினால் மூடியிருப்பாரோ என்னவோ. யாரும் வற்புறுத்தவில்லை. அவர் கையை இறக்கிக்கொண்டார். டம்ளரை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் போனார்.

அந்த வாரம் மழை பெய்து மேற்குச் சுவர் ஒழுகியது. எட்டு வருடமாக ஒழுகும் சுவர்தான். ஆனால் அன்றிலிருந்து அந்த ஒழுகலுக்குப் பொறுப்பு மில்லிதான் என்று முடிவாயிற்று. அவரும் மறுக்கவில்லை. வேலைக்காலத்தில் ஒருமுறைகூட, தாம் செய்யாத தப்பை அவர் ஒப்புக்கொண்டதில்லை. இதை ஒப்புக்கொண்டபோது அவர் முகத்தில் கொஞ்சம் ஆறுதல்கூடத் தெரிந்தது.

ஞாயிறுதோறும் மூன்று திசையை மூடுகிறார்கள். மேற்குத் திறந்தே இருக்கிறது. மில்லி வந்ததும் முதல் வேலையாக டம்ளரை எட்டிப் பார்ப்பார். தண்ணீர் குறைந்திருக்கும். வாரத்துக்கு எவ்வளவு ஆவியாகும், வெயில் காலத்தில் எவ்வளவு, மூடினால் எவ்வளவு, திறந்திருந்தால் எவ்வளவு என்பது அந்த ஊரிலேயே அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். அவர் சாஸர் மூடுவதில்லை.

"காத்து குடிச்சிருக்கும் சார்" என்றார் பல் செட்காரர் ஒருநாள், கிழக்கிலிருந்து, கொஞ்சம் உரிமையோடு.

மில்லி மருந்து மூடியால் அளந்து, குறைந்ததை ஊற்றி, நாற்பதுக்குக் கொண்டுவந்தார்.

"பதினொண்ணு" என்றார். "போன வாரம் ஒம்பதுதான் குடிச்சா."