கற்பூரம் கொளுத்தாத மனுசன்

எனக்கு மறைவான அந்த இடத்தில் புண் வந்தபோது அக்காவிடம்தான் முதலில் சொன்னேன். அவள் என் வருத்தத்தைப் பார்க்கவில்லை, என் கணவரின் வேலையைப் பார்த்தாள். வெளிநாட்டுக் கப்பல்களில் சாமான் இறக்குகிற வேலை. திருகோணமலையில் அதுவே போதும்.

“கப்பலடியில திரியிற ஆம்பிளை. வேற எங்கயிருந்து வந்திருக்கும்?” என்றாள். அவளின் வாயால் பாதித் தெருவுக்கும் தெரிந்துவிட்டது.

டொக்டரும் அப்படித்தான் நினைத்தார். இரத்தத்தில் ஒன்றும் இல்லை என்று வந்தும் இருவருக்கும் பெனிசிலின் ஊசி எழுதினார். ஊசி போட்டபின் என் கணவர் கதிரையில் ஒருபக்கமாகச் சரிந்திருந்து சோறு தின்ற கோலத்தை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. புண் ஆறியது. பிறகு திரும்பவும் வந்தது.

“காளி கோயிலில கற்பூரம் கொளுத்திச் சத்தியம் பண்ணச் சொல்லு” என்றாள் அக்கா. எனக்கு அவரில் சந்தேகம் இல்லை. அவளின் வாயை அடைத்தால் போதும். கற்பூரத்தை நானே வாங்கி வந்தேன். சீட்டாட்டத்தில் கள்ளம் செய்துவிட்டு ‘அம்மாவாணை இல்லை’ என்று சாதிக்கிற மனுசன், அதைக் கண்டதும் “ஏலாது” என்றார். கத்தினேன், அழுதேன். மசியவில்லை. கற்பூரம் அலுமாரியில் கிடந்து கரைந்தது.

அதன்பின் ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகி வந்த டொக்டரம்மா என்னை வாயைத் திறக்கச் சொன்னார்.

“வாயிலயும் அடிக்கடி புண் வாறதோ? கண் சிவக்கிறதோ?”

ஓம், இரண்டும்தான். வாய்ப்புண்ணைச் சூடு என்று மோர் குடித்து ஆற்றினோம். கண்ணைக் கடற்காற்று என்று விட்டுவிட்டோம். எல்லாவற்றையும் டொக்டரம்மாதான் சேர்த்துப் பார்த்தார்.

“இது ஆரிட்டயும் இருந்து தொத்தினதில்லை. உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே ஆள் மாறி உங்களை அடிக்குது. அவரிலயும் பிழையில்லை, உங்களிலயும் பிழையில்லை.”

முற்றாக மாறாது, அடக்கி வைக்கலாம் என்று குளிசை தந்தார். கண்ணைக் கவனிக்காவிட்டால் பார்வை போய்விடும் என்று கண் டொக்டரிடமும் அனுப்பினார்.

கூட வந்திருந்த கணவரோடு வீட்டுக்கு வரும் பஸ்ஸில் எனக்கு ஆறுதலைவிடக் கோபம்தான் பொங்கியது. “உங்களில பிழையில்லையெண்டு உங்களுக்குத் தெரியும்தானே. ஒரு கற்பூரம் கொளுத்தினா என்ன குறைஞ்சு போயிருக்கும்?”

அவர் யன்னலுக்கு வெளியே பார்த்தபடி மெதுவாகச் சொன்னார். “நான் சத்தியம் பண்ணித் தப்பியிருந்தா, பிறகு சனம் ஆரைப் பாத்திருக்கும்? உம்மைத்தானே.”

பஸ் நிறையச் சனம் இருந்தது. இறங்கும்வரை அவரின் கையை நான் விடவில்லை.