கடலடி அரண்மனைக்கு டிஸ்டெம்பர்

பெயின்டிங் கான்ட்ராக்ட் எடுப்பவனுக்குச் சுவரில் பழைய சுண்ணாம்பைச் சுரண்டுவது சுலபம். வீட்டுக்காரர் மனசில் இருக்கும் கலரைச் சுரண்டி எடுப்பதுதான் பெரும்பாடு. கலர் அட்டையை நீட்டினால் "இது இல்லீங்க" என்று உதட்டைப் பிதுக்குகிறவர்களிடம் அகப்பட்டவரா நீங்கள்? அப்படியானால் வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள். நான் கும்பகோணத்துக்காரன். முன்பெல்லாம் க்ரீம், வெளிர்பச்சை என்று இரண்டே கலரில் எங்கள் பக்கம் அடங்கிவிடும். வளைகுடா வேலையும் கேபிள் டிவியும் வந்தன. பின்னாலேயே, கடலுக்கடியில் அரண்மனை வருகிற ஒரு மாயாஜாலப் படமும் வந்து சேர்ந்தது. என் நிம்மதி அன்றோடு போயிற்று.

போனில் சொன்ன நீலம்

அதிராம்பட்டினத்தில் ஆயிஷா என்ற பெண்ணின் வீடு. கணவர் சவுதியில் இருந்தார். மூன்று வருஷம் கழித்து, நாற்பத்தைந்து நாள் லீவில், அடுத்த மாதம் வருகிறார். படுக்கையறைக்கு அந்தப் படத்தில் ராஜாவும் ராணியும் இருக்கும் அறையின் நீலம்தான் வேண்டும் என்று போனில் சொல்லிவிட்டார்.

ஆயிஷா சிடியைப் போட்டு, அந்தக் காட்சியில் நிறுத்தினார். நான் அட்டையை டிவித் திரையோடு ஒட்டிவைத்துப் பார்த்து, ஒரு நீலத்தைப் பிடித்து, அறையை அடித்து முடித்தேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பிரஷ்ஷைக் கழுவுவதற்குள் ஆயிஷா சொன்னார்: "அண்ணே, மச்சான் இத்தனை வருஷத்துல வாய்விட்டு எங்கிட்ட கேட்டது இது ஒண்ணுதான். மாறிப்போச்சுன்னா நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவங்க முன்னாடி நிப்பேன்?"

டிவிக்கு வைத்தியம்

அதே சமயம் கும்பகோணத்தில் ஒரு வெற்றிலை மண்டிக்காரர், ஹாலுக்கு அந்த அரண்மனைத் தூணின் தங்க மஞ்சளைக் கேட்டார். இங்கேயும் டிவியைப் பார்த்துத்தான் அடித்தேன். முடித்துவிட்டுப் பார்த்தால், ஹால் முழுக்க மஞ்சள் அரைத்து அப்பியது மாதிரி இருந்தது. படத்தில் இருப்பது இதுதான் என்று நானும் சாதித்துவிட்டு வந்தேன்.

மறுவாரம் அவர் வீட்டுக்கு டிவி மெக்கானிக் வந்திருக்கிறார். கலர் பட்டனைக் கடைசிவரை ஏற்றி வைத்திருந்தார்கள். அப்போது கலர் டிவி வாங்கிய எல்லோருமே அப்படித்தான். உள்ளே இருக்கிற கலர் அத்தனையையும் அனுபவித்துவிட வேண்டும். மெக்கானிக் பாதியாகக் குறைத்ததும் அரண்மனை சந்தனத்துக்கு இறங்கிவிட்டது. மண்டிக்காரர் எனக்கு ஆளனுப்பினார். கோபமே இல்லாமல் சொன்னார்: "டிவிய சரி பண்ணியாச்சு. வீட்டையும் கொஞ்சம் குறைச்சு வச்சிட்டுப் போங்க."

மந்திரக்காரியின் ஊதா

தஞ்சாவூரில் ஒரு கத்தோலிக்க வாத்தியார் வீடு. மகளுக்கு நிச்சயதார்த்தம். அந்தப் பெண்ணுக்குப் படத்தில் வருகிற மந்திரக்காரியின் அறை பிடித்துப்போய், ஹாலுக்கு அடர் ஊதா கேட்டாள். அப்பா வேளாங்கண்ணிக்குப் போயிருந்த இரண்டு நாளில், அவள் கொடுத்த தைரியத்தில் அடித்து முடித்தேன். ஓரத்தில் வெள்ளிக் கோடு வேறு.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில், கறி மீனை விட்டு, ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருக்கும் அந்த நாட்களில், கோயிலில் சாமியார் போடுகிற அங்கியும் இதே ஊதா என்பது எனக்கு எங்கே தெரியும்? அவளுக்குத் தெரியும். ஆனால் அவள் மந்திரக்காரி நினைப்பில் இருந்தாள். வாத்தியார் திரும்பி வந்தார், நடு ஹாலில் நின்று நாலு சுவரையும் பார்த்தார், என்னிடம் கேட்டார்: "சம்பந்தி வீட்டுக்காரங்க இங்க உக்காந்து பிரியாணி சாப்பிடுவாங்களா, இல்ல ஒருசந்தி இருப்பாங்களா?"

மச்சான் வந்தார்

மண்டிக்காரர் வீட்டு அனுபவத்துக்குப் பிறகு ஆயிஷா வீட்டுக்கு ஓடினேன். அங்கேயும் கலர் பட்டன் உச்சியில்தான் இருந்தது. குறைத்தோம், நீலம் மாறியது, திரும்ப அடித்தோம். பக்கத்து வீட்டு டிவியில் போட்டுப் பார்த்தால் அது வேறு நீலம். மூன்றாவது தடவையும் அடித்தோம். ஆயிஷா பாதியாக இளைத்துவிட்டார். நானும்தான்.

கணவர் வந்த மறுநாள் கூப்பிட்டு அனுப்பினார்கள். பஸ்ஸில் போகும்போதே சமாதானங்களை அடுக்கிக்கொண்டேன். அவர் அந்த அறையில் நின்றிருந்தார். நிலைப்படியில் ஆயிஷா, முகத்தில் ஈயாடவில்லை. நானே முந்திக்கொண்டு, "படத்துல பாத்த நீலம் இதானுங்களா? முன்னபின்ன இருந்தா சொல்லிடுங்க, மாத்திடலாம்" என்றேன். அவர் சுவரைத் தடவிப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்து, கூச்சத்தோடு சிரித்தபடி எனக்குப் பதில் சொன்னார்: "படத்த நான் எங்கண்ணே பாத்தேன்? ரூமுக்கு எட்டுப் பேரு, என் கட்டில் டிவிக்குப் பின்னாடி. சத்தம்தான் கேக்கும். அந்த அறை நீலமா இருக்கு, ராஜாவும் ராணியும் மட்டும்தான் இருக்காங்கன்னு பக்கத்துக் கட்டில்காரன் சொன்னான். அதான் கேட்டேன்."

ஆக, இத்தனை வருஷத்தில் நான் அடித்த சினிமாக் கலர்களில் ஒரு குறையும் சொல்லப்படாமல் தேறியது, கேட்டவர் கண்ணாலேயே பார்த்திராத அந்த ஒன்றுதான்.