அப்பா சரிசெய்து கொடுத்த பெட்டி

ஆக்லாந்தில் கிட்டார் பிடிக்கிற எவனை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். வடக்கே கிளென்ஃபீல்டில் கேட்டாலும் சரி, தெற்கே பாபகூராவில் கேட்டாலும் சரி, கிட்டார் சத்தத்தைப் பெருக்குகிற ஆம்ப் பெட்டியில் கோளாறு என்றால் அவன் வழி சொல்வது என் வீட்டுக் கராஜுக்குத்தான். பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மலேசியத் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் சின்ன வயதில் கற்ற தமிழை வைத்துத்தான் இதையும் எழுதுகிறேன். பிழை இருந்தால் அச்சடிக்கிறவர்கள் திருத்திக்கொள்ளட்டும். என் வேலையில் மட்டும் இதுவரை எவனும் பிழை சொன்னதில்லை.

போன வாரம் பக்குரங்காவிலிருந்து ஒரு பையன் வந்தான். நம்ம தமிழ்ப் பையன், கம்ப்யூட்டர் வேலை. பழைய மாடலில் புதிதாகச் செய்த வால்வு ஆம்ப் ஒன்றைக் காரிலிருந்து கைக்குழந்தை மாதிரி இறக்கினான்.

"அங்கிள், சவுண்டு ரொம்ப கிளீனா இருக்கு. கொஞ்சம் டர்ட்டியா ஆக்கித் தரணும்" என்றான்.

செய்து கொடுத்தேன். சத்தத்தை அடக்கி நேராக வைக்கிற ஒரு வயர் உள்ளே உண்டு, அதை வெட்டிவிட்டேன். கண்ணாடிக் குழாய் மாதிரி உள்ளே எரிகிற வால்வுகளைக் கொஞ்சம் சூடாக ஓடவிட்டேன். விறைப்பான புது ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, நாள்பட்டு நெகிழ்ந்த ஒன்றை மாட்டினேன். இப்போது கம்பியை மெல்லத் தொட்டால் மணி அடிக்கும். அழுத்தி அடித்தால் தொண்டை கட்டிய மனிதன் அழுகிற மாதிரி வரும். பையனுக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டான். யாரும் கற்றுக்கொடுக்கவில்லை என்றேன். உண்மைதான். எப்படிச் செய்யக் கூடாது என்று ஒரே ஒருவர் காட்டிக்கொடுத்தார். அவர் என் அப்பா.

செத்துப்போனவரைப் பற்றி நல்லதாக எழுதுங்கள் என்கிறாள் என் மகள். அவளுக்கு அவர் ஐஸ்கிரீம் வாங்கிக்கொடுத்த தாத்தா. எனக்கு அப்படி இல்லை.

மலாக்காவுக்குப் பக்கத்தில் நியூஸிலாந்துப் பட்டாளம் முகாம் போட்டிருந்த காலத்தில் அப்பா அங்கே ரேடியோ ரிப்பேர் வேலையில் இருந்தார். ஒரு மேஜரின் சிபாரிசில் எங்களை இங்கே கூட்டிவந்தார். பாபகூராவில் ஒரு பலகை வீடு. எனக்கு அப்போது பத்து வயது. அந்தத் தெருவில் எங்கள் முகத்தைப் பார்த்து முதலில் சிரித்தது பக்கத்து வீட்டு மாவோரிக் குடும்பம்தான். மற்றவர்கள் சிரிக்கப் பல வருடம் ஆனது. சிலர் இன்னும் சிரிக்கவில்லை.

அந்த மாவோரி வீட்டுக்காரரை நான் அங்கிள் என்று கூப்பிடுவேன். வாரநாளில் இறைச்சித் தொழிற்சாலையில் வேலை, வார இறுதியில் பேண்டு இசைக்குழுவில் கிட்டார். அவரிடம் ஒரு வால்வு ஆம்ப் இருந்தது. மேலே ஒட்டிய துணி உரிந்து, ஒரு மூலை நசுங்கிய பெட்டி. ஒருமுறை ட்ரக்கிலிருந்து உருண்டு விழுந்ததாம், விழுந்த பிறகுதான் அது பாடவே கற்றுக்கொண்டது என்று அங்கிள் சொல்லிச் சிரிப்பார். நான் அதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்தேன். அவர் வாசிக்கும்போது வேலிப் பலகையில் காதை ஒட்டவைத்துக்கொண்டு நிற்பேன். முதலில் கொஞ்சும், பிறகு உறுமும், பிறகு உடையும். உடைகிற இடத்தில் எனக்கு முதுகெலும்பு சிலிர்க்கும். அந்தச் சத்தம் அவருடைய விரலில் இருக்கிறது என்றே நம்பியிருந்தேன்.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் பாத்திரப் போக்குவரத்து இருந்தது. அங்கிளின் மனைவி ஒரு கிண்ணத்தில் சுட்ட கூமாரா என்கிற சர்க்கரைவள்ளிக் கிழங்கு கொடுத்தனுப்பினால், அம்மா அந்தக் கிண்ணத்தை வெறுமனே திருப்பமாட்டாள். முறுக்கோ வடையோ போட்டுத்தான் அனுப்புவாள். வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுப்பது கொடுத்த வீட்டை அவமதிப்பது என்று அவள் கணக்கு. அடுத்த வாரம் எங்கள் தூக்குச்சட்டி அங்கே போய்ப் புகைபோட்ட மீனோடு திரும்பிவரும்.

அந்த வருடத் தீபாவளிக்கு ஆக்லாந்தில் இருந்த தமிழ்க் குடும்பங்களெல்லாம் சேர்ந்து பாபகூராவில் ஒரு மண்டபத்தை வாடகைக்குப் பிடித்தார்கள். மொத்தக் கூட்டமும் சேர்ந்தால் இன்றைக்கு ஒரு பிறந்தநாள் விருந்துக்குக்கூடக் காணாது. அதில் பாதிப் பேர் டாக்டர்கள், பேராசிரியர்கள். அப்பா தோட்டத் தொழிலாளி மகன், வயர் முறுக்குகிறவர். அவர்கள் நடுவில் தானும் ஒரு ஆள் என்று காட்ட அவருக்கு அடங்காத ஆசை. மைக் செட் என் பொறுப்பு என்று மார்தட்டிக்கொண்டு வந்துவிட்டார். வீட்டில் மைக் இருந்தது, ஆம்ப் இல்லை. அங்கிளிடம் கேட்டார்.

அங்கிள் யோசிக்காமல் தூக்கிக்கொண்டுவந்து கொடுத்தார். இரண்டே விஷயம் சொன்னார். சத்தத் திருகை நாலுக்கு மேலே ஏற்றாதே, ஏற்றினால் உறும ஆரம்பித்துவிடும். அடுத்த சனிக்கிழமைக்குள் பெட்டி எனக்கு வேண்டும், நகரத்து ஹோட்டல்காரர் ஒருவர் எங்கள் பேண்டைக் கேட்க வருகிறார், பிடித்துவிட்டால் வாராவாரம் வாசிக்கிற நிரந்தர வேலை. இறைச்சி வெட்டுகிறதை விட்டுவிடலாம் என்று அவர் சொன்னபோது தன் கையை முகர்ந்து காட்டினார். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

தீபாவளியன்று யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவரின் மனைவி தேவாரம் பாட மேடையேறினார். மெலிந்த குரல். பிள்ளைகள் மண்டபத்தில் ஓடிப் பிடித்து விளையாடுகிற இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. அப்பா போய்த் திருகை ஏற்றினார். நாலைத் தாண்டி ஏழுக்குப் போனார். அந்த அம்மாள் உச்சத்தைப் பிடித்த நேரம் பெட்டி அவரோடு சேர்ந்து உறுமியது. பெண்புலி தேவாரம் பாடினால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். டாக்டர் முன்வரிசையில் இருந்து திரும்பினார்.

"என்ன தம்பி, உம்மட பெட்டிக்குத் தடிமன் பிடிச்சுத் தொண்டை கட்டிட்டுதோ? நாளைக்குக் கிளினிக்குக்குக் கொண்டு வாரும், பாத்து மருந்து தாறன்."

மண்டபமே சிரித்தது. அப்பாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே வேட்டியின் கரையை விரலில் சுற்றிச் சுற்றிக் கசக்கினார்.

காரில் அம்மா ஆறுதல் சொல்லப் பார்த்தாள். "விடுங்க, தமாசுக்குத்தானே சொன்னாரு."

"தமாசா? ஒரு ஃபியூஸ் மாத்தத் தெரியுமா அந்த ஆளுக்கு?" என்றார் அப்பா.

திருகை ஏற்றியது யார் என்று காரில் யாரும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அந்த மாதிரிக் கேள்விகள் கேட்கப்படுவதில்லை.

மறுநாள் பெட்டி அங்கிள் வீட்டுக்குப் போகவில்லை. எங்கள் கராஜில் முதுகுப்பலகை கழற்றப்பட்டுக் கிடந்தது. வேலை முடிந்து வந்ததும் அப்பா அதற்குள் தலையை விட்டுக்கொள்வார். ரேடியோக்காரருக்கு ஒலி என்றால் ஒன்றே ஒன்றுதான்: உள்ளே போனது அப்படியே வெளியே வர வேண்டும். அதற்கு மேலே வருகிற எதுவும் நோய். பழைய கண்டென்சர்களைப் பிடுங்கினார். தேய்ந்த வால்வுகளை மாற்றினார். நான் போன வாரம் வெட்டினேனே, அந்த அடக்குகிற வயர், அங்கிளின் பெட்டியில் அது கிடையாது. அப்பா புதிதாகப் போட்டார். ஸ்பீக்கரின் காகிதத்தில் ஒரு நீளக் கிழிசல் இருந்தது, ட்ரக்கிலிருந்து விழுந்தபோது ஏற்பட்ட கிழிசல். அதைப் பார்த்ததும் உச்சுக்கொட்டினார். மலாக்காவிலிருந்து தனக்கென்று பத்திரமாகக் கொண்டுவந்திருந்த புத்தம்புது ஸ்பீக்கரை எடுத்து அதில் மாட்டினார். அவரிடம் இருந்ததிலேயே நல்ல பொருள் அது. அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

நான் கராஜ் வாசலில் நின்று சொன்னேன். "அப்பா, அங்கிளோட பெட்டி அப்படித்தான் கத்தும்."

"கத்துனா அதுக்குப் பேரு ரிப்பேருடா."

"அங்கிளுக்கு அதுதான் புடிக்கும்பா."

"வந்துட்டாரு எஞ்சினியரு. போய்ப் படிக்கிற வேலையப் பாரு." என் காதைப் பிடித்துத் திருகி வெளியே விட்டார். அந்தத் தெருவிலேயே நன்றாகக் கேட்கிற காது அது.

அம்மாவுக்கும் மனசு ஒப்பவில்லை. "அவர ஒரு வார்த்த கேட்டுட்டுச் செய்யுங்களேன்" என்றாள்.

"நீ கிண்ணத்துல முறுக்கு வைக்கிறப்போ கேட்டுட்டா வைக்கிற?"

அம்மா அடுப்படிக்குத் திரும்பிப் போய்விட்டாள். எனக்கும் அது சரியான பேச்சாகவே பட்டது. அப்பா உள்ளூர அப்படித்தான் நம்பினார் என்று இப்போதும் நினைக்கிறேன். டாக்டருக்குக் காட்ட முடியாத கெட்டிக்காரத்தனத்தை அந்தப் பெட்டிக்குள் வைத்து, நன்றிக்கடன் என்று பெயர் சூட்டி மூடினார். வியாழக்கிழமை அங்கிள் வேலியோரம் வந்து பெட்டியைப் பற்றி மெதுவாக விசாரித்தபோது, நாளைக்குக் காலையில், மேட், ஒரு சர்ப்ரைஸ் இருக்கிறது என்று அப்பா இந்த ஊர்க்காரர் பாணியில் சொல்லிக் கண்ணடித்தார்.

வெள்ளிக்கிழமை காலை, பள்ளிக்குப் புறப்படும் முன் நானும் கூடப் போனேன். அங்கிளின் வரவேற்பறையில் பெட்டியை வைத்து, துணியால் துடைத்து, அப்பா கைகட்டி நின்றார். அங்கிள் கிட்டாரைச் செருகி ஒரு தட்டுத் தட்டினார். தண்ணீர் மாதிரி வந்தது. தெளிவு. திருகை நாலுக்கு ஏற்றினார், ஏழுக்கு ஏற்றினார், முழுக்க ஏற்றினார். சத்தம் பெரிதானது, அவ்வளவுதான். கொஞ்சவில்லை, உறுமவில்லை, உடையவில்லை.

"பாத்தீங்களா? ஃபுல்லா வெச்சாலும் அலுங்காது!" அப்பாவுக்குச் சந்தோஷத்தில் தமிழ் வந்துவிட்டது. பிறகு ஆங்கிலத்தில் திரும்பச் சொன்னார்.

அங்கிள் தலையசைத்தார். மறுபடி அடித்தார். இன்னும் அழுத்தி அடித்தார், கம்பி அறுந்துவிடும் போல. நான் அவருடைய விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தம் அங்கேதானே இருக்கிறது, இப்போது வரும், இப்போது வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அப்பா எதிரில் நிற்பதால் மரியாதைக்கு அடக்கி வாசிக்கிறார் என்று முடிவுகட்டினேன்.

அங்கிள் கிட்டாரை இறக்கிவைத்தார். அப்பாவின் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "பியூட்டி, மேட்" என்றார். பிரமாதம் நண்பா என்பதற்கு இங்கே அதுதான் வார்த்தை. அவர்கள் வீட்டுப் பழக்கத்திலும் அன்போடு கொண்டுவந்ததைத் திருப்பித் தள்ளுவது கிடையாது. அப்பா முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. சாகிற வரைக்கும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் இந்தக் கதையைச் சொன்னார். வெள்ளைக்காரன் செய்த பெட்டியை நான் சீராக்கினேன், சொந்தக்காரனே கையைப் பிடித்துப் பாராட்டினான் என்று.

வாசல்வரை வந்து வழியனுப்பும்போது, அந்தப் பழைய ஸ்பீக்கர், மற்ற சாமான்கள் எங்கே என்று அங்கிள் கேட்டார். சும்மா, நேரம் என்ன என்று கேட்கிற மாதிரிதான் கேட்டார். எல்லாம் உளுத்துப்போன குப்பை என்று அப்பா கையை வீசினார்.

எனக்கு முழு விவரமும் தெரியும், அந்தக் குப்பைப் பையைத் தெருவோரம் கொண்டுபோய் வைத்தவனே நான். "குப்பை லாரி வந்து எடுத்துக்கிட்டுப் போயிடுச்சு அங்கிள், இப்பத்தான்" என்று ஆங்கிலத்தில் முந்திக்கொண்டு சொன்னேன்.

அங்கிள் வெறுங்காலோடு கேட்டைத் திறந்து ரோட்டுக்கு வந்தார். லாரி போன பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். பெரிய மனிதர் ஒருவர் குப்பை லாரியை எதற்குத் தேடுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை நடந்ததை வெகுகாலம் கழித்து, அவர்கள் பேண்டில் ட்ரம் வாசித்த கிழவர் என் கராஜுக்கு வந்தபோது சொன்னார். ஹோட்டல்காரருக்குப் பேண்டு பிடித்துவிட்டதாம். கிட்டார்க்காரனை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள் என்றாராம், உப்புச்சப்பில்லாமல் வாசிக்கிறான் என்று. பெட்டிக்கு என்ன ஆனது என்று கேட்டதற்கு, வயசாகிவிட்டது, தொண்டை போய்விட்டது என்று மட்டும் அங்கிள் சொன்னாராம். அப்பாவின் பெயரை அவர் எடுக்கவே இல்லை. கிழவரும் சாகிறவரை அதை அப்படியே நம்பினார். நானும் வாயைத் திறக்கவில்லை. அங்கிள் இறைச்சித் தொழிற்சாலையிலேயே இருந்து, முதுகு போய், பிறகு வடக்கே தன் சனங்களிடம் போய்விட்டார்.

அந்தச் சனிக்கிழமைக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, வேலிப் பலகையில் வெகுநேரம் காதை வைத்து நின்றேன். பக்கத்து வீட்டில் சத்தமே இல்லை. உள்ளே வந்து அம்மாவிடம், அங்கிள் ஏன் வாசிக்கவில்லை என்று கேட்டேன்.

அம்மா கூமாராத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். "அப்பாதான் நல்லா ரிப்பேர் பண்ணிக் குடுத்துட்டாரே. இனிமே சத்தம் வராதுடா" என்றாள்.

யோசித்துப் பார்த்தேன். அது நியாயமாகத்தான் இருந்தது. திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில், எங்கப்பா ஒரு பெட்டியைத் தொட்டால் அதற்கப்புறம் அதிலிருந்து ஒரு சத்தமும் வராது என்று எல்லாரிடமும் பெருமையடித்துக்கொண்டேன்.