கிரீன் டீக்காரி வீட்டு மாத்திரை

தெருவில் அவளுக்குக் கிரீன் டீக்காரி என்றுதான் பெயர். தேயிலை பாக்கெட் போடும் கம்பெனியில் பதினெட்டு வருட வேலை. மூலை நசுங்கிய டப்பாக்களைக் கடைக்கு அனுப்ப மாட்டார்கள், வேலையாட்களுக்கே கொடுத்துவிடுவார்கள். அவள் வீட்டுப் பரணில் துணிமணியைவிட அந்த டப்பாக்கள்தான் அதிகம். வந்தவர், போனவர், குழாய் ரிப்பேர் செய்ய வந்தவர், யாரும் ஒரு கப் குடிக்காமல் அந்த வீட்டிலிருந்து தப்பியதில்லை.

அவள் கணவர் பஸ் டிரைவர். இருபத்தாறு வருடத்தில் ஒரு சைக்கிளைக்கூட உரசாத மனுஷன். அவருக்குப் போய் பிரஷர் எகிறிவிட்டது. டிப்போ டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, மூன்று மாதத்தில் குறையாவிட்டால் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

அவள் சும்மா இருப்பாளா? விடியும் முன்னே எழுந்து பிளாஸ்க் நிறைய கிரீன் டீ ஊற்றி, மாத்திரையைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்து அனுப்புவாள். "இதோட சேர்த்து முழுங்குங்க. ரெண்டுமே உடம்புக்கு நல்லது." அவரும் டிப்போவில் உட்கார்ந்து சொன்னது சொன்னபடி செய்தார்.

பிரஷர் இறங்கவில்லை. தினம் ஒன்றாக இருந்த மாத்திரையை இரண்டாக்கினார்கள். அப்போதும் இறங்கவில்லை. மூன்றாம் மாதம் அவரைப் பஸ்ஸிலிருந்து இறக்கி, டிப்போ கேட்டில் உட்கார்ந்து வண்டி நம்பர் எழுதச் சொன்னார்கள். ஒழுங்காக மருந்து எடுக்காதவர் என்று டாக்டர் சீட்டிலேயே எழுதிவிட்டார்.

அந்தச் சீட்டை அவள் வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். "மாத்திரையத் தூக்கித்தானே எறிஞ்சீங்க? உண்மையச் சொல்லுங்க."

"தினமும் போடறேன்டி."

"போட்டா ஏன் குறையல? வண்டி போச்சு, மானம் போச்சு, பொய் மட்டும் போகல."

அவர் வாயைத் திறக்கவில்லை. மறுநாளிலிருந்து அவள் திறக்க வைத்தாள். கண்ணெதிரே மாத்திரை, கண்ணெதிரே கிரீன் டீ, பிறகு "ஆ காட்டுங்க" என்று நாக்குக்கு அடியில் சோதனை. ஐம்பத்து மூன்று வயது ஆள், பல் டாக்டரிடம் வந்த குழந்தை மாதிரி வாயைப் பிளந்து நின்றார். அப்படி நிற்கையில் அவள் முகத்தைப் பார்க்க மாட்டார்.

நாற்பதாவது நாள் கேட்டில் நம்பர் எழுதிக்கொண்டிருந்தவரின் கையிலிருந்து பேனா நழுவியது. பக்கவாதம். வலது கையும் பேச்சும் போய்விட்டன.

ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் பெண், வீட்டு மாத்திரைகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அதுவரை ஒருவரும் கேட்காததைக் கேட்டாள். "இத எதுல போட்டாரும்மா?"

"கிரீன் டீலதான்" என்றாள் அவள், கொஞ்சம் பெருமையாகவே.

அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாள். "எல்லா மாத்திரைக்கும் இப்படி இல்லம்மா. ஆனா இந்த மாத்திரைய கிரீன் டீ உடம்புல சேர விடாது. முக்கால்வாசி வீணாப் போயிடும். அதனாலதான் இப்படி ஆச்சுன்னு நான் அடிச்சுச் சொல்ல முடியாது. இனிமே வெறும் தண்ணியில குடுங்க, டீ வேண்டவே வேண்டாம்."

அடித்துச் சொல்ல வேறு வேண்டுமா? நல்லது என்று நினைத்து நினைத்து ஊற்றிய கை அவளுடையது. பொய்யன் என்று சொன்ன வாயும் அவளுடையதுதான்.

பன்னிரண்டு நாள் தண்ணீரில் கொடுத்தார்கள். பதின்மூன்றாம் நாள் நர்ஸ் பிரஷர் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "சூப்பர்! டிரைவர் சார், இப்போ நார்மல். இந்த ரிப்போர்ட்டக் காட்டினா வண்டியே குடுத்துடுவாங்க."

அவருடைய வலது கை போர்வைமேல் அப்படியே கிடந்தது. கோணிய வாயால் அவர் எதையோ சொல்லப் பார்த்தார். அவள் குனிந்து காதைக் கொடுத்தாள். விழுந்த பிறகு அவர் பேசிய முதல் பேச்சு அது.

"போ...ட்டேன்டி."

"தெரியும்ங்க" என்றாள் அவள். "போட்டீங்க. தினமும் போட்டீங்க." அவர் மார்பில் முகத்தைப் புதைத்து அழுதாள். அவள் நிமிர்ந்தபோது அவர் அவளுக்கு வாயைத் திறந்து காட்டினார்.