அவள் காத்திருக்கலாமா

எனக்கு வாய்த்துடுக்கு அதிகம். இருபத்தொரு வயதில் அதற்கு விமர்சனம் என்று பெயர் வைத்திருந்தேன். ஒரு கதையை என் கையில் கொடுத்தால் போதும், அதில் யார் முட்டாள், யார் கோழை, எந்த இடத்தில் எழுதியவர் நம் காதில் பூ சுற்றுகிறார் என்று மூன்றே நிமிடத்தில் தீர்ப்புச் சொல்லிவிடுவேன். மயிலாப்பூரில் எங்கள் தெரு வாடகை நூலகத்துக்காரர், "உங்களைக் கேட்டுட்டுத்தாம்மா அடுத்த புக்கே வாங்கணும்" என்பார். எனக்குத் தலைகால் புரியாது. அந்த வாயால் ஒரு பெண்ணின் வாழ்க்கையில் நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில், கல்லூரி முடித்த கையோடு மாலை நேர ஜப்பானிய வகுப்பில் சேர்ந்தேன். மொழிபெயர்ப்பு வேலைக்கு நல்ல கிராக்கி என்று யாரோ அப்பாவிடம் சொல்லியிருந்தார்கள். வகுப்பில் பத்துப் பன்னிரண்டு பேர். என் பக்கத்து நாற்காலியில் அவள் உட்காருவாள். தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த திருநெல்வேலிக் குடும்பத்துப் பெண். வகுப்பிலேயே முதல். நான் எழுத்துக் கூட்டி ஒரு வரி முடிப்பதற்குள் பக்கத்தையே முடித்துவிட்டு நகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அதிகம் பேசமாட்டாள். எனக்கு அது மிகவும் வசதியாக இருந்தது.

கடைசி வரிசையில் ராயப்பேட்டைக்காரர் ஒருவர் இருந்தார். இயந்திர பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் வரைபடம் போடும் வேலை. வகுப்பு தொடங்கிய ஆறாவது மாதம், ஒன்றரை வருடப் பயிற்சிக்கு ஜப்பானில் நகோயாவுக்குப் போவதாகச் சொல்லி எல்லோருக்கும் சமோசா வாங்கிக் கொடுத்துவிட்டு விடைபெற்றார். என் தோழி அன்று சமோசாவைக் கைக்குட்டையில் மடித்து வைத்துக்கொண்டாள். நான் என்னுடையதைத் தின்றுவிட்டு, "அது வேண்டாம்னா எங்கிட்ட குடேன்" என்று கேட்டேன். அவ்வளவுதான் என் கவனிப்பு.

பேச்சுப் பயிற்சிக்கென்று ஒருநாள் எங்கள் வகுப்புக்கு ஒரு மாமி வந்தார். கணவருடைய வேலை காரணமாக ஐந்து வருடம் ஒசாகாவில் இருந்துவிட்டு பெசன்ட் நகரில் வந்து குடியேறியவர். அவருடைய மகள் அங்கே பள்ளிக்கூடம் படித்தபோது வாங்கிச் சேர்த்த காமிக்ஸ் பத்திரிகைகள் இரண்டு டிரங்குப் பெட்டி நிறைய இருந்தன. மகள் டெல்லியில் ஹாஸ்டலில் இருந்தாள்.

"எடைக்குப் போட மனசு வரலைடி. சனிக்கெழமை சனிக்கெழமை ரெண்டு பேரும் ஆத்துக்கு வாங்கோ. படிச்சுண்டு, பேசிண்டு இருக்கலாம்" என்றார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. மதியம் சாப்பிட்டுவிட்டு நான் லஸ் முனையில் 29சி பஸ் பிடிப்பேன். அவள் தி.நகரிலிருந்து வருவாள். ஒவ்வொரு பத்திரிகையும் டெலிபோன் டைரக்டரி தடிமன் இருக்கும். கடைசிப் பக்கத்தில் தொடங்கி முன்னால் வர வேண்டும். தாள்கூட ஒரு கதைக்கு ரோஸ், இன்னொன்றுக்கு வெளிர்பச்சை. எல்லாமே பெண் பிள்ளைகளுக்கான காதல் கதைகள். கடினமான எழுத்துகளின் ஓரத்தில் உச்சரிப்பைப் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள், அதனால் எங்களைப் போன்ற கற்றுக்குட்டிகளும் தட்டுத் தடுமாறிப் படிக்கலாம். நான் தடுமாறவும் தயாராக இல்லை. அவள் பார்த்துப் பார்த்துத் தமிழில் சொல்வாள். நான் மொசைக் தரையில் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன். படத்தைப் பார்த்தால் தீர்ப்பு கெட்டுப்போகும் என்று எனக்கு ஒரு கொள்கை வேறு.

மாமிக்கு ஜப்பானியம் பேசத்தான் வரும், படிக்க வராது. ஆனால் சண்டை போட வருவார். கதாநாயகன் வரும் கட்டங்களில் எல்லாம் பின்னணியில் பூப்பூவாக வரைந்திருக்கிறது என்று அவள் சொன்னால் நான், "இவன் என்ன நர்சரி வச்சிருக்கானா?" என்பேன். "அவ கண்ணுக்கு அப்படித் தெரியறதுடி, அதுதானே விஷயம்" என்பார் மாமி. கதாநாயகி அழுதால் நான் எரிந்து விழுவேன். மாமி அவளுக்கு வக்காலத்து வாங்குவார். என் தோழி இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டே பக்கத்தைத் திருப்புவாள். நான் கோபமாகப் பேசப் பேச அவளுக்கு முகம் மலரும். என் வாழ்க்கையில் அத்தனை சந்தோஷமான மதியங்கள் அதற்குப் பிறகு வரவில்லை.

மழைக்காலத்தில் ஒரு தொடர்கதை எடுத்தோம். பள்ளி நூலகத்தில் சந்திக்கும் ஒரு பெண்ணும் அவளைவிட ஒரு வகுப்பு மூத்த பையனும். மூன்றாவது இதழில் அவன் வேறு ஊருக்குப் போய்விடுகிறான். கடிதம் எழுதுவதாகச் சொல்லிவிட்டுப் போகிறான். முதலில் வாரம் ஒரு கடிதம் வருகிறது, பிறகு மாதம் ஒன்று, பிறகு ஒன்றுமே இல்லை. அவள் தினமும் தபால்பெட்டியைத் திறந்து பார்க்கிறாள். இதைச் சொல்லும்போது என் தோழியின் குரல் சற்றுக் கம்மியிருந்தது. ஜலதோஷம் என்று நினைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை அவள் படித்தது இது: "நாலு மாசமா லெட்டர் இல்ல. வீட்டுல மாப்பிள்ளை பாத்துட்டாங்க. நல்ல இடம். ஞாயித்துக்கெழமைக்குள்ள பதில் சொல்லணும். இவ ஆத்தங்கரையில நின்னு யோசிக்கிறா. நான் இன்னும் காத்திருக்கலாமா, இல்ல..."

"இரு, இரு. பள்ளிக்கூடத்துப் பொண்ணுக்கு மாப்பிள்ளையா?" என்று கண்ணைத் திறக்காமலே கேட்டேன்.

"பழைய காலத்துக் குடும்பம். அந்த ஊர்லயும் அப்படி உண்டாம்" என்றாள்.

நம்பினேன். யார் எங்கே காதில் பூ சுற்றினாலும் கண்டுபிடித்துவிடும் நான், அதை அப்படியே நம்பினேன்.

மாமி மெதுவாக, "என்ன அவசரம் அவளுக்கு? இன்னும் கொஞ்ச நாள் பார்க்கட்டுமே. தபால் தவறிப் போறது லோகத்துல நடக்காததா?" என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "மாமி, உங்களை மாதிரி ஆளுங்க சலுகை குடுத்துக் குடுத்துத்தான் இந்தக் கதையெல்லாம் உருப்படாம போகுது. நாலு மாசம் ஒரு வரி எழுதாதவன் மறந்துட்டான்னு அர்த்தம். இது தெரியாம தபால்பெட்டியைத் தொறந்து தொறந்து பாக்கறாளே, இவளுக்குக் கொஞ்சமாவது சூடு சொரணை இருக்கா? இதுக்கு மேலயும் நின்னா அது காதல் இல்ல, பிச்சை. வீட்டுல பாத்தவனைக் கட்டிக்கிட்டு மானத்தோட இருக்கட்டும்."

நன்றாகச் சொன்னேன் என்று எனக்கே தோன்றியது. காப்பி கேட்டு வாங்கிக் குடித்தேன்.

அன்று பஸ் நிறுத்தத்தில் அவள் என்னைக் கேட்டாள். "நெசமாத்தான் சொன்னியா?"

"எதை?"

"அவ காத்திருக்கக் கூடாதுன்னு."

"அடிப் பைத்தியமே, காகிதத்துல இருக்கறவளுக்காக இப்படி உருகறியே. நானா இருந்தா மூணாவது மாசமே தலை முழுகியிருப்பேன்."

சிரித்தாள். என் பஸ் வந்து நின்றது. "இன்னாம்மா, ஏறப் போறியா, பேசிக்கினே நிக்கப் போறியா?" என்று கண்டக்டர் விசிலைக் கடித்துக்கொண்டு கத்தினார். ஏறிக்கொண்டேன். திரும்பிப் பார்த்துக் கையசைத்தேனா என்று எத்தனையோ முறை யோசித்துவிட்டேன். நினைவில்லை.

அடுத்த சனிக்கிழமை அவள் வரவில்லை. அதற்கடுத்த வாரம் வகுப்புக்குக் கல்யாணப் பத்திரிகையோடு வந்தாள். மாப்பிள்ளைக்கு மதுரையில் நகைக்கடை. நான் அவளைக் கட்டிப்பிடித்து, "கள்ளி, சொல்லவே இல்லையே" என்றேன். கல்யாணத்துக்குப் போய் வாயார வாழ்த்திவிட்டு, பாயசம் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

அவள் போனபிறகு எனக்குக் கதையின் மீதி தெரியவேண்டியிருந்தது. அந்த ஆற்றங்கரைப் பெண் என்ன பதில் சொன்னாள்? சோம்பலை மூட்டை கட்டிவிட்டு, அகராதியும் கையுமாக மாமி வீட்டில் போய் உட்கார்ந்தேன். முதல் இதழிலிருந்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்துக்கொண்டு வந்தேன். மூன்று சனிக்கிழமை ஆயிற்று.

அந்தக் கதையில் யாரும் வேறு ஊருக்குப் போகவில்லை. பையன் ஓட்டப்பந்தயத்தில் கால் சுளுக்கி இரண்டு வாரம் பள்ளிக்கு வராமல் இருக்கிறான், அவ்வளவுதான். கடிதம் இல்லை, தபால்பெட்டி இல்லை, மாப்பிள்ளை இல்லை. ஆற்றங்கரைப் பக்கத்துக்கு வந்தேன். முழுப் பக்கப் படம். காற்றில் தலைமுடி பறக்க அந்தப் பெண் நிற்கிறாள். பக்கத்தில் பேச்சுக்கான பெரிய பலூன். அதற்குள் ஒரு எழுத்துகூட இல்லை. வரிசையாக ஆறு புள்ளிகள் மட்டும் இருந்தன. அவளுக்கு அங்கே பேச்சு வரவில்லை என்று பொருள்.

"மாமி, இதுல அவ சொன்னது எதுவுமே இல்லையே" என்றேன்.

மாமி அரிசி களைந்துகொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

"எனக்கு அப்பவே தெரியும்டி. என் பொண்ணு அங்கே இருந்தப்போ இந்தக் கதையை மாசாமாசம் எனக்குச் சொல்லிண்டிருந்தா. நகோயா போனான்னு அவ அடிக்கடி சொல்வாளே, ஒங்க கிளாஸ் பையன், அவனைத்தான் சொல்றான்னு ரெண்டாவது வாரமே புரிஞ்சுது. நடுவுல கேட்டா நிறுத்திடுவாளேன்னு பயம். அவளுக்குச் சொல்லிக்க வேற எடம் ஏது? ஒனக்கும் தெரியும்னுதான் நெனைச்சேன். நீ அப்படிப் பேசினப்போ, தெரிஞ்சேதான் சொல்றேன்னு நெனைச்சுண்டேன்."

"எனக்குத் தெரியாது மாமி."

"ஞாயித்துக்கெழமை காத்தாலே எனக்கு ஃபோன் பண்ணினா. சரின்னு சொல்லிட்டேன் மாமின்னா. வேற ஒண்ணும் பேசலை."

நான் அழுதேன். தரையில் உட்கார்ந்து, வெட்கமில்லாமல், மூக்கு ஒழுக அழுதேன். எதற்கெடுத்தாலும் அழுகிறாள் என்று எத்தனை கதாநாயகிகளைத் திட்டியிருக்கிறேன்! அவள் என்னிடம் கேட்டிருக்கிறாள். நேராகக் கேட்க முடியாமல், ஒரு படத்தின் வாயில் தன் கேள்வியை வைத்து இரண்டு முறை கேட்டிருக்கிறாள். நான் அவளைச் சூடு சொரணை இல்லாதவள் என்றேன். பிச்சைக்காரி என்றேன்.

பின்னாளில் இதைக் கேட்ட ஒன்றிரண்டு பேர் என்னைத் தேற்றப் பார்த்தார்கள். நீ சொன்னதில் என்ன தப்பு, எழுதாதவன் மறந்தவன்தானே என்றார்கள். நானும் அதைப் பிடித்துக்கொண்டு சில மாதம் ஓட்டினேன். பிறகு அவர் நகோயாவிலிருந்து திரும்பி வந்தார். ஒரு மாலை வகுப்பு முடிந்து படியிறங்கும்போது வாசலில் நின்றிருந்தார். இளைத்திருந்தார். கையில் ஒரு பை.

"அவங்க இப்ப வர்றதில்லீங்களா?"

"கல்யாணம் ஆயிடுச்சு. மதுரைல இருக்கா."

தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். "முதல்ல பதில் வந்துச்சு. அப்புறம் நான் எழுதினது எதுவும் அவங்க கைக்குப் போச்சான்னு தெரியல. பதில் வரல. ஆனாலும் நிறுத்தாம எழுதினேன்" என்றார். பையை என்னிடம் நீட்டினார். உள்ளே அந்த மாதிரிப் பத்திரிகைகள் நான்கு இருந்தன. "இதுதான் அவங்களுக்குப் பிடிக்கும்னு முதல்ல லெட்டர்ல எழுதியிருந்தாங்க. நீங்களாவது படிங்க."

அவர் எழுதிய கடிதங்களை யார் வாங்கி வைத்துக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை. அவ்வளவு பெரிய வாய்.

அதற்குப் பிறகு அவளை ஒரே ஒரு முறைதான் பார்த்தேன். பாண்டி பஜார் நடைபாதையில், வளையல் கடை வாசலில். பிறந்த வீட்டுக்கு வந்திருந்தாள். கூடவே கணவர், அவள் இடுப்பில் ஒரு பெண் குழந்தை. உடம்பு பூசியிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் பழையபடி மலர்ந்தது, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"இவங்க என்கூடப் படிச்சவங்க. கதையெல்லாம் ரொம்ப நல்லாப் பேசுவாங்க" என்று கணவரிடம் சொன்னாள்.

அவர் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். கும்பிட்டுவிட்டு, தள்ளிப் போகாமல் பக்கத்திலேயே நின்றார். நான் சொல்லவேண்டியதை அவர் முன்னால் எப்படிச் சொல்வேன்? எங்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்த மொழி ஒன்றுதான் இருந்தது. இரண்டு வாக்கியங்களை மாதக்கணக்காக மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். முதல் வாக்கியம், என்னை மன்னித்துவிடு. இரண்டாவது, அவர் நிறுத்தாமல் எழுதிக்கொண்டிருந்தார்.

முதல் வாக்கியத்தை ஜப்பானிய மொழியில் சொன்னேன்.

அவள் குழந்தையை ஒரு இடுப்பிலிருந்து இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். என் கண்ணைப் பார்க்கவில்லை. "எனக்கு அந்தப் பாஷையெல்லாம் சுத்தமா மறந்துபோச்சுடி" என்றாள். கணவரிடம் நேரமாகிறது என்று சொல்லி, கூட்டத்தோடு நடந்துவிட்டாள்.

நான் சொன்னது வகுப்பில் முதல் வாரமே சொல்லித்தரும் வார்த்தை. இரண்டாவது வாக்கியத்தை நான் சொல்லவே இல்லை.