இருப்பதிலேயே பத்திரமான இடம்

போன வாரம் இந்தியக் கடையில் உறைந்த முருங்கைக்காய் எடுக்க ஃப்ரீசர் கதவைத் திறந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். ஜில்லென்ற காற்றோடு ஒரு வாசனை வந்தது. பனிக்கட்டிக்கு வாசனை கிடையாது என்பார்கள். உண்டு. ஈர இரும்பும் பழைய ரப்பரும் கலந்த மாதிரி இருக்கும். எவ்வளவு நேரம் நின்றேனோ, பின்னாலிருந்து ஒரு பெண், "அங்கிள், கதவை மூடறீங்களா? கண்ணாடியெல்லாம் ஃபாக் ஆகுது, உள்ள ஒண்ணும் தெரியல" என்றாள். ஸாரி சொல்லி மூடினேன். முருங்கைக்காயை மறந்துவிட்டு வீட்டுக்கு வந்து, அதற்கும் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அந்த வாசனை எனக்கு அறிமுகமானது இருபது வருடத்துக்கு முன்னால், ரவுண்ட் ராக்கில் நாங்கள் வாங்கிய முதல் வீட்டில் ஏசி படுத்துக்கொண்ட ஒரு ஆகஸ்ட் மாதத்தில். டெக்சஸ் ஆகஸ்ட்டைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டாம், ஸ்டியரிங்கைத் தொட்டால் கை பொசுங்கும். ரிப்பேர்காரர் வர நாலு நாள் ஆகும் என்றார்கள். லைப்ரரி, மால் எல்லாம் சுற்றி முடித்து, மூன்றாம் நாள் ஃப்ரீவே ஓரமாக இருந்த, பனித்தரையில் சறுக்கி ஆடும் ஐஸ் ரிங்க்கில் போய் உட்கார்ந்தோம். நான், என் மனைவி சுமதி, ஏழு வயது மகள் நித்யா. சுமதி துப்பட்டாவைக் காதோடு சுற்றிக்கொண்டு பல்லைக் கடித்தாள். நித்யா கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு, மட்டையோடு வழுக்கிப் போகிற பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஏசி சரியான பிறகும் அவள் அந்த இடத்தை விட்டு வரவில்லை. இன்றுவரை வரவில்லை என்று எழுதப் பார்த்தேன். இப்போது அப்படி எழுத முடியாது.

நான் சாஃப்ட்வேர் டெஸ்டர். எது எங்கே உடையும் என்று யோசிப்பதுதான் என் பிழைப்பு. வீட்டிலும் அதே புத்தி. குழந்தை ஊஞ்சலில் ஏறுவதற்கு முன் சங்கிலியை நான் இழுத்துப் பார்ப்பேன். அப்படிப்பட்டவன் மகளை ஐஸ் ஹாக்கியில் சேர்த்தேன் என்றால், அவள் எப்படி அழுதிருப்பாள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது சனிக்கிழமையே ஒரு தடிப்பையன் வந்து மோதினான். நித்யாவுக்கு உதடு கிழிந்து பல்லெல்லாம் ரத்தம். அவள் பேசாமல் எழுந்துவிட்டாள், நான்தான் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் என் டெஸ்டர் புத்தி வேலை செய்தது. ரிங்க் முழுக்க நிதானமாக ஒரு பார்வை பார்த்தேன். எல்லாரும் தலைதெறிக்க ஓடுகிறார்கள், மோதுகிறார்கள். ஒரே ஒரு குழந்தை மட்டும், மெத்தையைக் கிழித்துக் கை காலில் கட்டிவிட்ட மாதிரி, முகத்தில் கம்பிக்கூண்டோடு, கோல் வலைக்கு முன்னால் தேமே என்று நின்றுகொண்டிருந்தது. ஓட வேண்டாம், நின்றால் போதும். அதன் மேல் யாரும் மோதவும் இல்லை.

நேராகக் கோச்சிடம் போனேன். வெள்ளைத் தாடி வைத்த ஆஜானுபாகுவான மனிதர். "என் பொண்ணை அங்கே நிறுத்த முடியுமா?" என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்து, "ஷ்யூரா?" என்றார். அந்த இடத்துக்கு எந்தக் குழந்தையும் வராது, வாரா வாரம் யாரையாவது கெஞ்சித்தான் நிறுத்துவார் என்பது எனக்குத் தெரியாது. தெய்வமே அனுப்பி வைத்த ஆள் என்று என்னை நினைத்திருப்பார்.

திரும்பும்போது காரில் நித்யா அழுதாள். நித்யாவுக்குத் தமிழ் புரியும், பதில் ஆங்கிலத்தில்தான் வரும். அதை நான் தமிழில் எழுதுகிறேன், அதனால் அவள் குரல் கொஞ்சம் என் குரல் மாதிரிதான் கேட்கும். "எனக்கு ஓடணும் அப்பா. அங்கே நிக்கறது போர்" என்றாள். நான் ரோட்டைப் பார்த்தபடி சொன்னேன்: "கோச்தான் உன்னை செலக்ட் பண்ணினார் கண்ணு. இருக்கறவங்கள்லயே நீதான் தைரியசாலியாம்."

அழுகை நின்றது. "ரியலி?"

"ஆமா."

வீட்டுக்குப் போனதும் சுமதியிடம் பெருமையாக அறிவித்தேன். "இருக்கறதுலயே பத்திரமான இடமா பாத்து நிறுத்திட்டு வந்திருக்கேன்."

அந்த ஆட்டத்தில் பந்து கிடையாது. பக் என்று கெட்டியான ரப்பர் வில்லை, மசால்வடை அளவு இருக்கும். துள்ளாமல் வழுக்க வேண்டும் என்பதற்காக அதையும் உறைய வைத்து எடுத்து வருவார்கள். ரிங்க்கில் இருக்கிற அத்தனை பேரும், எங்கே ஓடினாலும், கடைசியில் அதை அடிப்பது என் பத்திரமான இடத்தை நோக்கித்தான். இது எனக்குப் புரிய ஒரு மாதம் ஆயிற்று. அதற்குள் அவள் தலைக்கவசத்தில் பூனைக்கண் வரைந்து வைத்துக்கொண்டாள்.

அப்புறம் வருடங்கள் பையோடு போயின. கவசம், மெத்தை எல்லாம் அடைத்த, அவளைவிடப் பெரிய பை. அதைக் கராஜில் பிரித்துக் காயப்போட்டால் எழும் நாற்றம் இருக்கிறதே, பக்கத்து வீட்டுக்காரர் வந்து, உங்கள் வீட்டில் ஏதோ செத்துக் கிடக்கிறது என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார். வடக்கே ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தது. முடித்ததும் நியூஜெர்சியில் ஒரு பெண்கள் அணியில் கையெழுத்துப் போட்டாள். என் மகள் சம்பளத்துக்கு கோல் காக்கிறாள்! டெக்சஸிலேயே பேர்லேண்டில் இருக்கிற நம்மூர்க் கோயிலில் ஒரு ஆன்ட்டி விசாரித்தார்.

"பொண்ணு என்ன பண்றா?"

"ஐஸ் ஹாக்கி. கோலி."

"சரி, அது கிடக்கட்டும். ஜாப் என்ன?"

"அதான் ஜாப்."

"ஓ… மெடிக்கல் இன்சூரன்ஸ் இருக்கோ?"

சிரிக்காதீர்கள், ஒப்பந்தத்தில் நான் முதலில் தேடியதும் அதைத்தான்.

நம்மவர்கள் வழக்கப்படி என் பெயர்தான் அவளுக்குக் கடைசிப் பெயர். அதனால் சட்டையின் முதுகில், தோளுக்குத் தோள், பொன்னுசாமி. ஆபீஸில் இருபத்தைந்து வருடமாக என்னை 'சாம்' என்றுதான் கூப்பிட்டார்கள். ஒரு வெள்ளைக்காரரும் அதை முழுசாகச் சொன்னதில்லை. அவளுடைய முதல் சீஸனில், எதிரணி ஊரில் நடந்த ஒரு ஆட்டத்தில்தான் முதன்முதலாகக் கேட்டேன். அங்கே ஒரு வழக்கம். கோல் விழுந்தால், காப்பவரின் பெயரை மொத்தக் கூட்டமும் ராகம் போட்டு இழுக்கும், கடைசியில் ஒரு வரி சேர்க்கும். அன்று மூன்றாவது கோல் உள்ளே போனதும் அரங்கமே எழுந்து, "பான்-னூ-ஸா-மீ… பான்-னூ-ஸா-மீ… இட்ஸ் ஆல் யுவர் ஃபால்ட்!" என்று கத்தியது. எல்லாம் உன் தப்பு.

சுமதி என் விலாவில் இடித்தாள். "ஏனுங்க, உங்களைத்தான் கூப்புடறாங்க!" அவள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கையிலிருந்த பாப்கார்னைக் கீழே வைத்தேன். ஊர் பேர் தெரியாத இத்தனை பேருக்கு இது எப்படித் தெரிந்தது என்று ஒரு கணம் நிஜமாகவே தோன்றியது.

ஏனென்றால் நான் அந்தப் பொய்யைத் திருத்தவே இல்லை. அவள் அதன் மேல் வீடு கட்டிவிட்டாள். பேட்டிகளில் சொல்வாள், சின்னக் குழந்தைகளின் பயிற்சி முகாம்களில் சொல்வாள்: "என் முதல் கோச் என்னிடம் ஏதோ ஒன்றைப் பார்த்தார்."

போன குளிர்காலம் நியூஜெர்சிக்குப் போயிருந்தோம். கடைசிப் பகுதி ஆட்டம். அவள் வழக்கம்போல் முழங்கால் இரண்டையும் உள்ளே மடக்கி, பாதங்களைப் பக்கவாட்டில் விரித்து விழுந்தாள். ஆயிரக்கணக்கான தடவை விழுந்த விழுகைதான். பக் அவளுக்கு அடியில் சிக்கியது. விசில் ஊதினார்கள். எல்லாரும் எழுந்தார்கள், அவள் எழவில்லை. இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வழுக்கியபடியே வெளியே கொண்டுவந்தார்கள். அவள் ஒரு கால் மட்டும் ஐஸைத் தொடாமல் தொங்கிக்கொண்டு வந்தது.

டாக்டர் திரையில் இடுப்பு மூட்டைக் காட்டினார். தொடை எலும்பு பொருந்தும் கிண்ணத்தின் விளிம்பு கிழிந்திருந்தது, எலும்பு எலும்போடு தேய்ந்திருந்தது. "எந்த வயதிலிருந்து கோலில்?" என்றார். ஏழு என்றாள். எலும்பு வளரும் வயதில் அப்படி விழுந்து விழுந்து எழுந்ததும் ஒரு காரணம் என்றார். நித்யா வலியிலும் சிரித்தாள். "என் முதல் கோச் பிக் பண்ணினார்." நான் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆபரேஷன் முடிந்து ரவுண்ட் ராக்குக்குக் கூட்டிவந்தோம். இனி ஆட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். மாடி ஏற முடியாததால் ஹாலில் கட்டில். ஒரு மத்தியானம் இடுப்பில் ஐஸ் பேக் வைத்துக்கட்டும்போது சொல்லிவிட்டேன். உதட்டில் ரத்தம், என் பயம், நான் கேட்டது, காரில் சொன்னது, எல்லாம்.

"அப்போ கோச் ஒண்ணும் பார்க்கல" என்றாள்.

"இல்ல கண்ணு."

அடுத்த இரண்டு நாள் பயிற்சிக்குக் காலைப் பிடித்துவிட அம்மாவைத்தான் கூப்பிட்டாள். மூன்றாம் நாள் சுமதி வெளியே போயிருந்தாள், வேறு வழியில்லை. குதிகாலைத் தாங்கி மெதுவாக மடக்கினேன். கூரையைப் பார்த்தபடி சொன்னாள்: "அடுத்த வாரமே கோச் கேட்டார். வேற இடத்துல ஆடறியான்னு. நீங்க காபி வாங்கப் போயிருந்தீங்க. வேணாம்னுட்டேன்."

"ஏன்?"

"எல்லாரும் என்னை நோக்கித்தான் வர்றாங்க. அது புடிச்சிருந்தது." என் பக்கம் திரும்பி, "நீங்க ஒரு நாள் நிறுத்தினீங்க அப்பா. மிச்சம் இருபது வருஷம் என்னுது. அதையும் உங்க தப்புன்னு எடுத்துக்காதீங்க."

"சரி."

"ஆனா பொய் பொய்தான். அது எனக்கு ரொம்பப் புடிச்ச கதை." கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னும் பத்து தடவை மடக்கணும். எண்ணுங்க" என்றாள்.

இப்போது ஊன்றுகோல் இல்லாமல் தெருமுனைவரை நடக்கிறாள். முதல் கோச் கதையை யாரிடமும் சொல்வதில்லை. அந்த ரிங்க்கும் இல்லை, இடித்துவிட்டு வரிசையாகச் சாமான் வைக்கும் ஷெட்டுகள் கட்டிவிட்டார்கள். கோச் எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி ஆனால் மட்டும் பழக்கதோஷத்தில் அவள் ஆட்டத்தை டிவியில் போட என் கை தானாக ரிமோட்டைத் தேடும். அப்புறம்தான் ஞாபகம் வரும், இன்றைக்கு யாரும் என் மகளை நோக்கி எதையும் அடிக்கப் போவதில்லை என்று.