நான் சுமந்தவன், தூக்கியவன் அல்ல

ஏழெட்டு வருடங்களுக்கு முன்பு ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். கந்தப்பளையில் என் மரக்கறிக் கடைக்குப் பின்னால் இருக்கும் ஸ்டோர் அறையில்தான் இது நடந்தது.

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, லொறிக்கு உருளைக்கிழங்கு மூட்டை ஏற்றி, அந்த முதுகை வைத்தே கடை போட்டு, இரண்டு லொறிக்குச் சொந்தக்காரன் ஆனவன். நான் மூட்டையோடு வந்தால் சந்தையில் வழிவிடுவார்கள். சந்தேகம் இருந்தால் விசாரித்துப் பாருங்கள்.

என் மகள் அப்போது பாடசாலையின் பளு தூக்கும் குழுவில் இருந்தாள். ஸ்டோர் அறையில் மூட்டைகளை ஒதுக்கிவிட்டுப் பயிற்சி செய்வாள். மறுநாள் நுவரெலியாவில் போட்டி. பாடசாலைக்காக அவள் தூக்கப்போகும் கடைசிப் போட்டி அது. முந்தைய போட்டிகள் எதற்கும் நான் போனதில்லை. கடையைச் சாக்குச் சொல்லிவிடுவேன். இதற்காவது வருவதாக வாக்குக் கொடுத்திருந்தேன்.

அவள் பளு மாட்டிய கம்பியை ஒட்டி நின்று, பாதத்தைச் சரி பார்த்து, முழங்காலை மடித்து, முதுகை நேராக்கி, மூச்சை இழுத்துப் பிடித்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இதுக்குப் போய் இவ்வளவு சாங்கியமா? தள்ளு புள்ள."

"குனிஞ்சு தூக்காதீங்கப்பா, புடிச்சுக்கும். முட்டிய மடிங்க."

"எனக்கே சொல்லித் தர்றியா? நீ பொறக்க முந்தியே மூட்டை தூக்குனவன் நான்."

குனிந்து வெடுக்கென்று இழுத்தேன். கம்பி முழங்கால் வரை வந்தது. அதற்கு மேல் நான்தான் வரவில்லை. இடுப்பில் சுரீர் என்று ஒரு பிடிப்பு. கம்பியைப் போட்டுவிட்டு, வளைந்தபடியே வெங்காய மூட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"எளந்தாரின்னு நெனப்பு இவருக்கு" என்றபடி என் மனைவி தைலம் கொண்டுவந்தாள்.

மகள் சிரிக்கவில்லை. தைலத்தைத் தேய்த்துக்கொண்டே, "அப்ப இதுக்கும் வர மாட்டீங்கதானே" என்றாள். நானோ, எத்தனை மூட்டை தூக்கிய முதுகு, இதற்குப் போய் இப்படிப் பிடித்துக்கொண்டதே என்று புலம்பினேன்.

"மூட்டைய தரையிலருந்து நீங்களேதான் எடுப்பீங்களாப்பா?"

"அது எப்புடி? நான் முதுகக் காட்டி நிப்பேன். ரெண்டு பக்கமும் ஆளுங்க புடிச்சுத் தூக்கி வைப்பாங்க."

"அப்ப தூக்குனது அவங்க. நீங்க சுமந்தீங்க."

எப்போதும் அதே இருவர்தான் எனக்குத் தூக்கி வைப்பார்கள். அதில் ஒருவர் டயகம ஊர்க்காரர். "புடிச்சுக்கிட்டியா?" என்று கேட்ட பிறகுதான் கையை எடுப்பார். நான் முன்னேறிய கதையை ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறேன். அவரை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

மறுநாள் லொறியில் ஏறி உட்கார முடியவில்லை. பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். கொண்டக்டர், "சீட்டு இருக்கே ஐயா" என்றார். உட்கார்ந்தால் எழும்ப மாட்டேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? மண்டபத்திலும் சுவரோடு சாய்ந்தே நின்றேன். மேடைக்கு வந்தவள் கூட்டத்தில் தேடினாள். என்னைக் கண்டதும் குனிந்து பாதத்தைச் சரி பார்த்தாள். முதல் நாள் நான் கேலி செய்த ஒவ்வொன்றையும் நிதானமாகச் செய்து, நேரே தலைக்கு மேல் தூக்கினாள். இரண்டாம் இடம்தான் கிடைத்தது. அவர்கள் எடை நிறுத்ததில் ஏதோ கோளாறு என்பது இன்றைக்கும் என் அபிப்பிராயம்.

இடுப்பு சில நாளில் சரியாகிவிட்டது. மகள் கல்யாணமாகிக் கொழும்பில் இருக்கிறாள். அவள் கம்பி கிடந்த மூலையில் இப்போது லீக்ஸ் அடுக்குகிறோம். அந்தப் பக்கம் போனால் இன்னும் தைல வாசம் அடிப்பதுபோல் இருக்கும். நான் மேலே வந்த கதையை இப்போதும் சத்தமாகத்தான் சொல்கிறேன். ஆனால் என் முதுகில் மூட்டையைத் தூக்கி வைத்த அந்த இரண்டு பேரிலிருந்துதான் அதை ஆரம்பிக்கிறேன்.